வீட்டுப் பின்புறத்தில் டர்ஃப் ஆடுகளம்: போடுவதும் பணம் புரட்டுவதும்

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப், அதாவது செயற்கைப் புல் மைதானங்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் வந்துவிட்டன. பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்க் காத்திருக்கும் பெற்றோர், வீட்டை ஒட்டி மூன்று சென்ட் சும்மாதானே கிடக்கிறது, நாமே ஒன்று போட்டுவிடலாமா என்று யோசிக்கிறார்கள். கட்டட வேலையில் இருப்பவன் என்பதால் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இரண்டு. பணத்தைப் பச்சைக்குக் கீழே இருக்கும் அடித்தளத்தில் போடுங்கள். கடன் வாங்கினால், டர்ஃப் தேய்வதற்கு முன்பே அதை அடைத்து முடியுங்கள்.

எங்கள் இடத்தில் டர்ஃப் போட முடியுமா? எவ்வளவு இடம் வேண்டும்?

எந்த ஆட்டம் என்பதை முடிவு செய்தால்தான் இதற்குப் பதில். கிரிக்கெட் நெட் என்றால் அகலம் 12 அடி இருந்தால் போதும், நீளம்தான் சிக்கல். ஸ்டம்புக்கு ஸ்டம்பு 66 அடி. பேட் செய்பவருக்குப் பின்னால் 6 அடி, பந்து வீசுபவர் ஓடிவர 25 முதல் 30 அடி. ஆக 100 அடி நீளம் இருந்தால் நிம்மதி. சுழற்பந்து மட்டும் என்றால் 85 அடியில் சமாளிக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு 18 கஜத் தூரம் போதும், ஆனால் அவர்கள் வளர்ந்துவிடுவார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

40-க்கு 60 என்ற ஒரு கிரவுண்ட் மனையில், அதாவது 2,400 சதுர அடியில், முழு நீள கிரிக்கெட் நெட் வராது. மூன்று பேருக்கு மூன்று பேர் கால்பந்து தாராளமாக ஆடலாம். டென்னிஸ் கோட்டுக்குள் மட்டுமே 78-க்கு 36 அடி கேட்கும். சுற்றி ஓடவும் இடம் வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு அது கனவுதான்.

ஒரே டர்ஃபில் எல்லா ஆட்டமும் ஆட முடியாதா?

ஆடலாம், ஒன்றும் சரியாக வராது. கிரிக்கெட் நெட்டுக்கு 9 முதல் 12 மில்லிமீட்டர் உயரமுள்ள, நெருக்கமான இழை வேண்டும். அடியில் கான்கிரீட். அப்போதுதான் பந்து ஒரே மாதிரி எழும்பும். கால்பந்துக்கு 40 முதல் 50 மில்லிமீட்டர் இழை, நடுவில் மணலும் ரப்பர் குருணையும். அதில் கிரிக்கெட் பந்து விழுந்தால் செத்துப்போகும். பேட்மின்டனுக்கும் பிக்கிள்பாலுக்கும் டர்ஃபே வேண்டாம். வழவழப்பான கான்கிரீட்டில் அக்ரிலிக் பூச்சு அடித்தால் போதும்.

வாரத்தில் ஐந்து நாள் எந்த ஆட்டம் நடக்குமோ அதற்குப் போடுங்கள். மற்ற ஆட்டம் அதில் கொஞ்சம் தடுமாறட்டும்.

டர்ஃப் என்பது எந்தப் பொருளால் ஆனது? ஹாக்கி மைதானத்தில் இருப்பதும் இதுதானா?

இழை பெரும்பாலும் பாலிஎத்திலீன். அதை ஒரு பாலிபுரொப்பிலீன் துணியில் தைத்து, அடியில் லேடெக்ஸ் அல்லது பாலியூரித்தேன் பூசி இறுக்குகிறார்கள். 1966-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரக் கூரை மைதானத்தில், உள்ளே வெயில் போதாமல் புல் செத்துப்போனதால், இந்தச் செயற்கைப் புல்லைப் போட்டார்கள். அதன் பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. நம் நாட்டுக்கு இது வலியோடு அறிமுகமானது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல்முறையாகச் செயற்கைத் தளத்தில் ஹாக்கி நடந்தது; அதுவரை பதக்கம் இல்லாமல் திரும்பியறியாத இந்தியா ஏழாம் இடத்துக்குப் போனது.

ஹாக்கித் தளம் உங்களுக்கு உதவாது. சர்வதேச ஆட்டங்களில் அதைத் தண்ணீர் விட்டு நனைத்துத்தான் ஆடிவந்திருக்கிறார்கள். வீட்டுக்கிணறு தாங்காது.

ரோல் எத்தனை அடி அகலம்? அதைப் பார்த்து அளவை மாற்ற வேண்டுமா?

கட்டாயம் மாற்றுங்கள். விளையாட்டு டர்ஃப் பெரும்பாலும் 4 மீட்டர் அகல ரோலாக வரும். அது 13 அடிக்கு ஒரு பொடி கூடுதல். உங்கள் நெட் 13 அடி அகலம் என்றால் ஒரே ரோல், நடுவில் ஒட்டே கிடையாது. 15 அடி என்று ஆசைப்பட்டால் இரண்டாவது ரோலில் இரண்டு அடியை வெட்டிக்கொண்டு மீதியை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் காசு. டர்ஃப் எங்கே கிழிந்தாலும் முதலில் கிழிவது ஒட்டில். ஒட்டு இல்லாத களம் பாதி பராமரிப்பை மிச்சம் பிடிக்கும்.

அடித்தளம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்களே, மண்ணைச் சமப்படுத்தி மேலே விரித்தால் ஆகாதா?

ஆகாது. முதல் ஐப்பசி மழையிலேயே தெரிந்துவிடும். அடியில் மண் எங்கே இறங்குகிறதோ அங்கே மேலே குழி விழும். குழியில் தண்ணீர் தேங்கும், தேங்கிய இடத்தில் பாசி பிடிக்கும், பாசியில் பிள்ளை வழுக்கி விழும். அதன்பின் சரிசெய்ய வேண்டுமானால் டர்ஃபை உரித்தெடுக்க வேண்டும்.

முதலில் மண்ணைப் பாருங்கள். செம்மண், சரளை மண் என்றால் அதிர்ஷ்டம். கோவில்பட்டி, அருப்புக்கோட்டை பக்கத்துக் கரிசலாக இருந்தால் மழையில் உப்பி, கோடையில் வெடிப்பு விடும். அதன் மேல் எதைப் போட்டாலும் அசையும். ஒன்றரை அடிக்குக் குறையாமல் தோண்டி எடுத்துவிட்டு, கிராவல் கொட்டி, அடுக்கடுக்காகத் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்ட வேண்டும். ஒரே மூச்சில் ஒன்றரை அடியையும் கொட்டி மேலாக ஒருமுறை ரோலர் ஓட்டினால் மேல் அரை அடிதான் இறுகும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

அடுத்து கோரை. நம் ஊரில் பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கோரைக்கிழங்கு மண்ணுக்குள் இருந்தால் அதன் முளை டர்ஃபின் அடித்துணியையும் துளைத்துக்கொண்டு வரும், தார் ரோட்டையே துளைக்கும் சாதி அது. மேல் மண்ணைக் கிழங்கோடு அள்ளி வெளியே தள்ளுங்கள். பிறகு, மண்ணும் ஜல்லியும் கலக்காமல் இருக்க, இடையில் ஜியோ டெக்ஸ்டைல் என்ற துணியை விரியுங்கள்.

கால்பந்துக் களம் என்றால் அதன் மேல் 6 அங்குலம் ஜல்லி, கடைசியாகக் கிரஷர் தூள், அதன்பின் டர்ஃப். தண்ணீர் இழைக்கு அடியிலுள்ள துளைகள் வழியே இறங்கி ஜல்லிக்குள் போய்விடும். கிரிக்கெட் நெட் என்றால் ஜல்லிக்கு மேல் 4 அங்குலக் கான்கிரீட். இங்கே தண்ணீர் கீழே இறங்காது, பக்கவாட்டில் ஓட வேண்டும். அதனால் வாட்டம் முக்கியம்: நூற்றுக்கு ஒன்று. 13 அடி அகலத்துக்கு ஒரு பக்கம் ஒன்றரை அங்குலம் தாழ்வு. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

ஓடிவரும் தண்ணீரை மழைநீர்த் தொட்டிக்கு விடலாம். ஆனால் ரப்பர் குருணையும் உதிர்ந்த இழையும் அதனோடு வரும். நடுவில் ஒரு சிறிய வண்டல் தொட்டியும் கம்பி வலையும் வையுங்கள். செப்டிக் டேங்க் மூடி, போர்வெல் வாய், சம்ப் மூடி எதுவும் டர்ஃபுக்கு அடியில் போகக்கூடாது. இதைச் சொல்லவே வேண்டாம் என்று தோன்றும். மூடிப் போட்டுவிட்டுக் கழிவுநீர் லாரி வந்த அன்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எந்த மாதத்தில் வேலையைத் தொடங்கலாம்?

தைப் பொங்கல் முடிந்ததும். சித்திரைக்குள் முடித்துவிடலாம், ஒட்டும் பசைக்கு உலர்ந்த தரை கிடைக்கும். கான்கிரீட் போட்டால் நன்றாக நீராற்றி, முழுக்க உலரவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அவசரப்பட்டுப் போடச் சொல்லும் ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

வெயிலில் சுடுமா?

சுடும். மண்ணை விட, புல்லை விட, சிமென்ட் தரையை விடவும் சுடும். சித்திரை வெயிலில் மதியம் டர்ஃபின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். இயற்கைப் புல் தன் ஈரத்தை ஆவியாக்கித் தன்னைத்தானே குளிர்த்துக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அந்த வழி இல்லை. கறுப்பு ரப்பர் குருணை போட்டிருந்தால் இன்னும் மோசம். தண்ணீர் தெளித்தால் குறையும், சிறிது நேரத்தில் பழையபடி ஏறிவிடும்.

நம் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள். பகல் 10 மணிக்கு மேல், மாலை 4 மணிக்கு முன் வெறுங்காலோடு இறங்கக்கூடாது என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். சறுக்கி விழுந்தால் தோல் உரியும். உடனே சோப்புப் போட்டுக் கழுவி மருந்து போடுங்கள். மேற்குப் பக்கம் மரம் இருந்தால் வெட்டாதீர்கள். இலை உதிரும்தான், பெருக்கிக்கொள்ளலாம்.

ரப்பர் குருணை உடம்புக்குக் கெடுதலா?

அது பழைய டயரை அரைத்த தூள். டயரில் இருக்கும் வேதிப்பொருட்கள் அதிலும் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் இதை இரண்டு விதமாகக் கட்டுப்படுத்தியது. நச்சுத்தன்மை உள்ள சில ஹைட்ரோகார்பன்கள் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2022 முதல் உச்சவரம்பு வைத்தது. பிறகு 2023-ல், நுண்பிளாஸ்டிக்காக மண்ணிலும் ஆற்றிலும் கலக்கிறது என்பதால், இத்தகைய குருணை விற்பனையை 2031-க்குப் பிறகு நிறுத்த முடிவெடுத்தது.

என் பதில் எளிமையானது. வீட்டுக் களத்துக்கு ரப்பரே தேவைப்படாத வழி இருக்கும்போது அதைத் தேர்ந்தெடுங்கள். கிரிக்கெட் நெட்டுக்கு ரப்பர் வேண்டவே வேண்டாம். சிறிய கால்பந்துக் களத்துக்கு நிரப்புப் பொருள் இல்லாத, நெருக்கமான இழை டர்ஃபும் கிடைக்கிறது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் குருணை போடுவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சிலிக்கா மணல் கொட்டும் நாளில் தொழிலாளர்களுக்கு மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

நெட், கம்பம், விளக்கு?

வலை வெயிலில் இற்றுப்போகாத வகையாக இருக்கட்டும். கம்பத்தைக் களத்துக்கு வெளியே, தனி அடித்தளத்தில் நிறுத்துங்கள். கடலோரம் என்றால் ஜிஐ குழாயே துருப்பிடிக்கும், பெயின்ட் தவறக்கூடாது. புயல் எச்சரிக்கை வந்தால் வலையை இறக்கிவிட வேண்டும். காற்றில் வலை பாய் மாதிரி இழுக்கும், கம்பம் சாயும். இறக்கிவிட வசதியாகக் கொக்கி போட்டே கட்டச் சொல்லுங்கள்.

விளக்குக்கு 200 வாட் எல்இடி நான்கு. தினம் 2 மணி நேரம் எரிந்தால் 1.6 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 96 யூனிட். இது ஏற்கெனவே ஓடும் வீட்டுக் கணக்கின் தலையில்தான் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் படிநிலைக் கட்டணமே வேறு. உங்கள் பழைய பில்லை எடுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு விளக்கு வாங்குங்கள்.

அனுமதி வாங்க வேண்டுமா? பக்கத்து வீட்டுக்காரர்?

கூரையோ கட்டடமோ எழுப்பினால் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்காமல் தொடங்காதீர்கள். குடியிருப்பு மனைச் சங்கம் இருந்தால் அங்கேயும் ஒரு வார்த்தை.

பக்கத்து வீடுதான் நிஜமான அனுமதி. சத்தக் கட்டுப்பாட்டு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். பத்துப் பையன்கள் கத்தினால் அதைத் தாண்டும். விளக்கு அவர்கள் படுக்கையறை ஜன்னலைப் பார்க்காமல் திருப்புங்கள். வேலை தொடங்கும் முன்பே போய்ச் சொல்லிவிடுங்கள். அவர்கள் பிள்ளைகளையும் ஆட வரச்சொல்லுங்கள்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

விலை ஊருக்கு ஊர் மாறும், அதனால் அளவைத் தருகிறேன். 13-க்கு 100 அடி கிரிக்கெட் நெட் என்றால் 1,300 சதுர அடி, ஏறக்குறைய 3 சென்ட். 6 அங்குல ஜல்லி 650 கன அடி; ரோலரில் இறுகுவதைச் சேர்த்தால் 8 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) வாங்க வேண்டும். 4 அங்குலக் கான்கிரீட் 433 கன அடி, அதாவது 12 கன மீட்டருக்குச் சற்று மேல். சிமென்ட் சுமார் 100 மூட்டை. டர்ஃப் ஒரு ரோல். சுற்று வலையும் மேல்வலையும் 10 அடி உயரத்துக்கு என்றால், இரண்டு பக்கம் 2,000, இரண்டு முனை 260, மேலே 1,300, ஆக 3,560 சதுர அடி. உங்கள் ஊர் ஜல்லி விலை, மேஸ்திரி கூலி, வலை விலையைப் பெருக்கிக்கொள்ளுங்கள். மூன்று பேரிடம் எஸ்டிமேட் வாங்கும்போது இந்த அளவுகளைத் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். "சதுர அடிக்கு இவ்வளவு, எல்லாம் சேர்த்து" என்று ஒரே வரியில் சொல்பவர் எதைக் குறைப்பார் என்று கண்டுபிடிக்க முடியாது. பெரும்பாலும் அடித்தளத்தைத்தான் குறைப்பார். ஜிஎஸ்டி உள்ளடங்கியதா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

கடன் வாங்கிப் போடலாமா? எந்தக் கடன்?

வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தால் அதன் மேல் டாப்-அப் கேட்கலாம். வட்டி பெரும்பாலும் தனிநபர் கடனை விடக் குறைவு. ஆபத்து அதன் காலத்தில் இருக்கிறது. வங்கி 15 வருஷம் தருகிறேன் என்று சொல்லும், மாதத் தவணை சின்னதாகத் தெரியும். நம் வெயிலில் நல்ல டர்ஃபே ஏழெட்டு வருஷத்தில் தேய்ந்துவிடும். பத்து வயதுப் பையன் அதற்குள் கல்லூரி விடுதிக்குப் போயிருப்பான். களமும் இல்லை, ஆடுபவனும் இல்லை, தவணை மட்டும் ஓடும். டாப்-அப் வாங்கினாலும் ஐந்து வருஷத்தில் முடியும்படி எழுதிக்கொள்ளுங்கள்.

வைப்புத்தொகை இருந்தால் அதன் மேல் கடன் மலிவு. நகைக் கடன் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் விளையாட்டுக்காக அடகு வைத்த நகை, வருஷா வருஷம் வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைக்கப்பட்டு, கடைசியில் கல்யாணத்துக்கு மீட்க முடியாமல் நிற்பது பல வீட்டுக் கதை. ஒரு வருஷத்துக்குள் முழுசாக மீட்கப் பணம் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வையுங்கள். தனிநபர் கடன் கடைசி வழி.

"12 சதவீதம்தான்" என்கிறார்கள். சரியான வட்டியா?

எந்த 12 என்று கேளுங்கள். 4 லட்சம் ரூபாய், 3 வருஷம் என்று வைப்போம். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் 12 சதவீதம் என்றால் மாதம் சுமார் 13,290 ரூபாய். மொத்த வட்டி 78,000-க்குச் சற்று மேல். கடைசிவரை முழு அசலுக்கும் வட்டி போடும் ஃபிளாட் முறையில் அதே 12 என்றால் மாதம் 15,111, மொத்த வட்டி 1,44,000. ஏறக்குறைய இரட்டிப்பு. உண்மையில் அது 21 சதவீத வட்டிக்குச் சமம்.

ரிசர்வ் வங்கி விதிப்படி 2024 அக்டோபர் முதல், சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும். வட்டியும் மற்றக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டுச் சதவீதம் அதில் இருக்கும். கையெழுத்துக்கு முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, அந்த எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். டர்ஃப் போடும் நிறுவனம் "வட்டியில்லாத் தவணை" என்றால், ரொக்கமாகத் தந்தால் என்ன விலை என்று கேளுங்கள். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி.

கடனே இல்லாமல் முடியுமா?

முடியும். எனக்குப் பிடித்த வழியும் இதுதான். இந்த வருஷம் அடித்தளமும் கான்கிரீட்டும். அதிலேயே டென்னிஸ் பந்தில் ஆடத் தொடங்கிவிடலாம். ஒரு மழைக்காலம் போகட்டும். எங்கே தண்ணீர் நிற்கிறது, எங்கே விரிசல் என்று அதுவே காட்டிக்கொடுக்கும். அடுத்த வருஷம் கம்பமும் வலையும். மூன்றாவது வருஷம் டர்ஃப். அதற்குள் பிள்ளைக்கு இந்த ஆட்டத்தில் நிஜமாகவே ஆசை இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

டர்ஃப் போட்ட மாதமே தபால் அலுவலகத்தில் மாதாமாதம் கட்டும் ஐந்து வருஷ ஆர்டி சேமிப்பு ஒன்று தொடங்கிவிடுங்கள். அடுத்த டர்ஃபுக்கான பணம் அதில் சேரும்.

ஒப்பந்ததாரருக்கு எப்படிப் பணம் கொடுப்பது?

வேலை நகர நகர. அடித்தளம் முடிந்ததும் தண்ணீர் சோதனை: டேங்கர் தண்ணீரைக் களம் முழுக்கப் பாய்ச்சி, அரை மணி நேரம் கழித்து எங்காவது தேங்கி நிற்கிறதா என்று பாருங்கள். அது தேறும்வரை டர்ஃபுக்கான முன்பணம் கொடுக்காதீர்கள். பத்தில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு மழைக்காலம் தாண்டியதும் கொடுப்பதாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வாரன்டி யார் பெயரில், நிறம் மங்குவதற்கா, ஒட்டு பிரிவதற்கா, இரண்டுக்குமா என்பதும் தாளில் இருக்க வேண்டும். பெரும்பாலும் இழைக்குத்தான் கொடுப்பார்கள், போட்ட வேலைக்குக் கொடுக்கமாட்டார்கள். வேலைக்கும் கேளுங்கள்.

சாயங்காலம் வாடகைக்கு விட்டுத் தவணை கட்டலாமா?

அந்த நிமிஷமே அது வீட்டுக் களம் இல்லை, தொழில். வீட்டு மின் இணைப்பில் அதை நடத்தினால் மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின் கீழ், பொருந்தும் கட்டணத்தைப் போல் இரு மடங்கு வசூலிப்பார்கள். தனி வணிக இணைப்பு வேண்டும், உள்ளாட்சி உரிமம் வேண்டும், வெளியாள் பிள்ளை கால் ஒடிந்தால் யார் பொறுப்பு என்பதற்குக் காப்பீடும் வேண்டும். தொழிலாகவே செய்வதென்றால் அதற்கென முத்ரா கடன் இருக்கிறது: கிஷோர் பிரிவில் 5 லட்சம், தருண் பிரிவில் 10 லட்சம் வரை. வீட்டுக்காகப் போட்டுவிட்டு, வாடகை வரும் என்ற நம்பிக்கையில் தவணையை ஏற்றிக்கொள்ளாதீர்கள். ஊரில் ஏற்கெனவே இரண்டு டர்ஃப் இருந்தால் உங்கள் வீட்டுச் சந்துக்குள் யாரும் வரமாட்டார்கள்.

பராமரிப்பு?

வாரம் ஒருமுறை விறைப்பான பிரஷ்ஷால் இழை சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராகத் தேய்த்து நிமிர்த்துங்கள். இலை மக்கினால் பாசி வரும், உடனே பெருக்குங்கள். பட்டாசும் பார்பிக்யூவும் அங்கே கூடாது, ஒரு பொறி போதும் ஓட்டை விழ. நாய் வளர்த்தால் மூத்திரம் பட்ட இடத்தைத் தண்ணீர் விட்டு அலசுங்கள்.

இவ்வளவு செலவுக்கு வழியில்லை. வேறு ஏதாவது?

மண் பிட்ச்மேல் தேங்காய் நார் மேட்டிங் விரித்து ஆடுங்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ கிளப் ஆட்டக்காரர்கள் மேட்டிங்கில் ஆடித்தான் மேலே வந்தார்கள். களிமண்ணை நனைத்து, உருட்டி, காயவிட்டு, மேட்டிங்கை நான்கு பக்கமும் இழுத்து ஆணி அடித்தால் பந்து நன்றாக எழும்பும், நன்றாகத் திரும்பும். ஆடி முடித்ததும் சுருட்டி ஷெட்டில் வைத்துவிடலாம். இரண்டு பக்கமும் வலை கட்டிவிட்டால் பயிற்சிக்கு ஒரு குறையும் இல்லை.

தேய்ந்துபோன டர்ஃபை என்ன செய்வது?

எரிக்கக்கூடாது, நச்சுப் புகை. மண்ணில் புதைத்தாலும் மக்காது. பேட் செய்பவர் நிற்கும் இடமும் பந்து விழும் இடமும்தான் முதலில் தேயும். கிரிக்கெட் நெட் என்றால் அந்த 20 அடியை மட்டும் வெட்டி எடுத்து, முதலில் வாங்கும்போதே மிச்சம் வைத்த துண்டை ஒட்டலாம். அதனால் ரோல் வாங்கும்போது 20 அடி கூடுதலாக வாங்கி நிழலில் வையுங்கள். மீதி பழையதை மாட்டுத் தொழுவத்துக்கு வெளியே சேறு மிதிக்கும் இடத்திலும், கார் நிறுத்தும் இடத்திலும் விரித்துக்கொள்கிறார்கள். அதையும் தாண்டிக் கழிக்க வேண்டியதை, புதிய டர்ஃப் போடுபவரே எடுத்துச் செல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.